எல்பின்ஸ்டன் பள்ளிக்கூடத்தை யார் திறந்தது?

ஏப்ரல் 14 வந்தால் நம் மேடைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. "வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்தைத் தொறந்து விட்டான், பாபாசாகேப் படிச்சாரு." கைதட்டலும் விழுகிறது. பார்ப்பனியத்தைக் குத்த இது உதவும் என்று தோழர்கள் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பம்பாயில் அம்பேத்கர் படித்த எல்பின்ஸ்டன் உயர்நிலைப்பள்ளி அரசுப் பள்ளிதான். ஆனால் அதன் பெயருக்குரியவர் நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்தார் என்று பாருங்கள்.

மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் 1827 வரை பம்பாய் கவர்னர். அவர் பதவி முடிந்து கிளம்பியபோது நகரத்துத் தனவந்தர்கள் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வசூல் செய்தார்கள். அந்தப் பணத்தில் அவர் பெயரால் வளர்ந்த கல்வி நிலையம்தான் 1856இல் கல்லூரியாகவும் பள்ளியாகவும் பிரிந்தது. இதே மனிதர் 1820-களில் எழுதிய கல்விக் குறிப்பில், மிகத் தாழ்ந்த சாதிப் பிள்ளைகளே நன்றாகப் படிக்கிறார்கள் என்று பாதிரிமார்கள் கண்டதைச் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, அவர்களை ஊக்குவிப்பதில் ஜாக்கிரதை வேண்டும், படிப்பு முதலில் அவர்களிடம் வேர்பிடித்தால் அதற்குமேல் பரவாது என்கிறார். நல்லாப் படிக்கிற பிள்ளை என்று தெரிந்தே வெளியே நிறுத்தியது இது. தகுதி, திறமை என்று நம்மிடம் வகுப்பெடுக்கிறவர்கள் ஒரு தடவை வாசிக்கலாம்.

1856இல் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர மனுப் போடுகிறான். அப்போது கவர்னர் லார்ட் எல்பின்ஸ்டன், முன்னவரின் அண்ணன் மகன். 1837இலிருந்து 1842 வரை நம்ம சென்னைக்கும் கவர்னராக இருந்தவர். பம்பாய் அரசு சொன்ன பதில் இதுதான்: நியாயம் பையன் பக்கம் இருக்கிறது, ஆனால் ஒருத்தனுக்காகக் காலங்காலமான வழக்கத்தில் கை வைத்தால் கல்விக்கே கேடு. வங்காளத்தில் எந்த அரசுப் பள்ளியிலும் இவனுக்கு இடம் மறுத்திருக்க மாட்டார்கள் என்று 1857இல் கல்கத்தா கேட்டது. 1858இல் லண்டன்வரை போய்த்தான், அரசு முழுச் செலவில் நடத்தும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்ற முடிவு வந்தது. கதவைத் தட்டியது ஒரு சேரிப் பையனின் மனு. மூன்று ஊர் அதிகாரிகள் இரண்டு வருஷம் காகிதம் புரட்டிய பிறகுதான் தாழ்ப்பாள் அசைந்தது.

அசைந்து என்ன ஆச்சு? அம்பேத்கர் உள்ளே வந்தபோது சமஸ்கிருதம் படிக்க விடவில்லை, பாரசீகம்தான் கிடைத்தது. ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டதும், பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துத் தள்ளி வைக்க சாதி இந்துப் பையன்கள் விழுந்தடித்து ஓடினார்கள். 1907இல் அவர் மெட்ரிக் தேறினார். ஒரு மகர் பையன் மெட்ரிக் தேறியதே பாராட்டுக் கூட்டம் போடும் செய்தியாக இருந்தது. அறிவிப்பு வந்து 49 வருஷம் கழித்து!

நான் வங்கி குமாஸ்தா. ஜூன் மாதம் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தால் தெரியும், ஃபீஸ் கட்ட எத்தனை கம்மல் வருகிறது என்று. ராம்ஜி சுபேதாரும் இப்படித்தான் மகனின் புத்தகத்துக்காக, கட்டிக்கொடுத்த மகளிடம் நகை வாங்கி மார்வாடியிடம் அடகு வைத்தார், பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடம் திறந்த கதையில் அந்த நகைக்கு எந்த மேடையில் இடம் கொடுத்திருக்கிறோம்? கஜானாப் பணமாவது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா? உழைக்கிறவன் கட்டிய வரியில் மேல்சாதிக்குப் படிப்பு நடக்கிறது என்று 1882இலேயே ஹண்டர் கமிஷனிடம் புலே சொல்லிவிட்டார்.

அப்போ அரசுப் பள்ளி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 1858 அறிவிப்பு முழுசாகக் கட்டுப்படுத்தியது அரசுப் பள்ளியை மட்டும்தான். உதவி பெறும் பள்ளிகளுக்கு, மானியத்தை மறுக்கும் உரிமை உண்டு என்ற எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். சட்டப்படி சட்டையைப் பிடித்துக் கேட்க முடிந்த ஒரே இடம் அரசுப் பள்ளி. அதனால்தான் அதை விடக்கூடாது. விடாமல் இருப்பது வேறு, கும்பிடுவது வேறு. 2023இல் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் வண்ணக் கயிறு கூடாது என்று 2024இல் பரிந்துரைக்க வேண்டி வந்தது. டப்பாவைத் தள்ளி வைத்த அதே கைதான்.

தார்வார்ப் பையனின் கதையை நமக்கு எடுத்து வைத்தவரும் அம்பேத்கர்தான். 1928இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா சார்பில் சைமன் கமிஷனுக்கு அவர் கொடுத்த கல்வி அறிக்கையில் எல்பின்ஸ்டன் குறிப்பும் இருக்கிறது, இந்த மனுவும் இருக்கிறது. விடுதி மாணவர்கள் அடுத்த ஏப்ரல் 14-க்கு முன்னால் அதை உட்கார்ந்து வாசியுங்கள். மேடையில் யாராவது அந்த வாக்கியத்தைச் சொன்னால், கைதட்டுவதற்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டில் "தார்வார், 1856" என்று எழுதி அனுப்புங்கள்.