புது மீன் வந்தால் அவசரம் வேண்டாம்!

"கடல் மீன் தொட்டியா? அதெல்லாம் நமக்கெதுக்கு?" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பையனின் பிடிவாதம் ஜெயித்தது. கடல் உப்புக் கலவையைக் கரைத்து, ஆறு வாரம் மீனில்லாமல் தொட்டியை ஓடவிட்டு, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கோமாளி மீன் ஒன்று வாங்கினோம். அதுவரை சரி. வாங்கி வந்த மீனைப் பையோடு தொட்டியில் கவிழ்த்தேனே, அங்கேதான் தப்பு! மறுநாள் காலை மீன் மிதந்தது. பள்ளிக்குக் கிளம்பும்வரை பையன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கடையில் போய் விசாரித்தேன். அவர்கள் தண்ணீரின் உப்பு அடர்த்தி 1.018, நம் வீட்டில் 1.025. நோய்க் கிருமிகளை அடக்க, கடைகளில் இப்படி உப்பைக் குறைத்து வைப்பதுண்டாம். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசிறினால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதல்லவா? உப்பு திடீரென்று கூடினால் மீனின் உடம்பிலிருந்தும் அப்படித்தான் நீர் வெளியேறிவிடும். உப்பு குறைவதைக்கூட ஓரளவு தாங்கும்; கூடுவதைத் தாங்காது.

இரண்டாவது மீனுக்கு நான் செய்தது இது:

முதலில் கடைக்காரரிடம் உப்பு அடர்த்தியைக் கேட்டுக்கொண்டேன். ஒரு சின்னத் தொட்டியில் அதே அளவுக்குத் தண்ணீர் கலந்து, ஹைட்ரோமீட்டரில் சரிபார்த்தேன். பெரிய தொட்டியில் சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதில் மாட்டினேன். ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு. வாளி, குவளை எதிலும் சோப்பு பட்டிருக்கக்கூடாது, தனியாகவே வைத்துவிடுங்கள்.

மீன் வந்ததும் விளக்கை அணைத்து, பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டேன். சூடு சமமாகிவிடும். பிறகு பையைப் பிரித்து, குவளையால் மீனை மட்டும் மாற்றினேன். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. அதில் கழிவு இருக்கும்.

சிலர் மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்ப்பார்கள். உப்பில் சிறு வித்தியாசம்தான், மீனும் பக்கத்துக் கடையிலிருந்து வந்தது என்றால் அரை மணி, முக்கால் மணி அப்படிச் செய்யலாம். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பார்சலில் வந்த மீனுக்கு வேண்டாம். அது விட்ட மூச்சுக்காற்றால் பைத் தண்ணீர் புளித்திருக்கும். அதனால் அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் அந்த விஷம் ஏறிவிடும். ஆகவே தண்ணீரை முன்கூட்டியே பொருத்தி வைத்து, சட்டென்று மாற்றுவதே நல்லது.

அன்று தீனி போடவில்லை. மறுநாள் ஒரு சிட்டிகை, மிச்சத்தை எடுத்துவிட்டேன். நாளுக்கு 0.001 வீதம் உப்பைக் கூட்டி, ஒரு வாரத்தில் 1.025க்குக் கொண்டுவந்தேன். வெள்ளைப் புள்ளி, வேகமாக மூச்சு வாங்குவது, சாப்பிடாமலிருப்பது ஏதாவது தெரிகிறதா என்று நான்கு வாரம் கவனித்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றினேன். அங்கே பழைய மீன்கள் இருந்தால் கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். 'இது என் இடம்' என்று முறைத்துக்கொள்வது குறையும்.

இன்னொன்று: கடலில் பிடித்ததைவிடத் தொட்டியிலேயே பிறந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். இவை தீனிக்குச் சீக்கிரம் பழகும்.

இரண்டு வருஷமாயிற்று. பையன் பக்கத்தில் போனாலே மீன் கண்ணாடிக்கு ஓடி வருகிறது. முதல் மீனுக்கு நான் கொடுக்காத ஒரு மாத அவகாசம்தான் இதைக் காப்பாற்றியது.