சித்தி வீடு இல்லாதவர்களும் இன்டர்ன்ஷிப்பும்

சட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அருகே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். சீனியர் என் விண்ணப்பத்தைப் புரட்டவே இல்லை. கேட்ட முதல் கேள்வி: "சென்னையில யார் வீட்ல தங்குவ?" யாரும் இல்லை சார், இடம் பார்க்கணும் என்றேன். "அப்ப தருமபுரி கோர்ட்டுலயே பண்ணலாமேப்பா, எதுக்கு வீண் செலவு?" என்றார். கோபமாக அல்ல, அக்கறையாகத்தான் சொன்னார்.

இன்டர்ன்ஷிப் ஒன்றும் விருப்பப் பாடம் அல்ல. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம் செய்தாக வேண்டும். தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஆக, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக பஸ் டிக்கெட், புதிதாக அட்வான்ஸ், புதிதாக இடம் தேடும் படலம். திருவல்லிக்கேணியில் மூன்று பேர் அறையில் ஒரு கட்டிலுக்கு நான் கொடுத்தது 6,500 ரூபாய், சாப்பாடு தனி. பிறகு ஒரு வழியாகச் சேர்ந்த வேறோர் அலுவலகம் எனக்குக் கொடுத்தது ஒரு சான்றிதழ். அந்த மாதம் அப்பாவுக்குக் கிடைத்த வேலை பதினெட்டு நாள்.

அந்தக் கட்டில் கிடைப்பதற்கு முன் மயிலாப்பூரில் இரண்டு மாடி அறைகளைப் பார்த்தேன். "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்பது முதல் சல்லடை. அதில் தப்பினால் "சொந்த ஊர் எது?", "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று வரும். சாதியை யாரும் கேட்கவில்லை, சென்னை நாகரிகமான ஊர். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், தங்கும் விடுதி, கிணறு, குளம் என்று வரிசையாகப் பேசுகிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை. அதை வகுப்பில் படித்துவிட்டுத்தான் அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன்.

1916இல் டாக்டர் நடேசனார் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற மாணவர் விடுதியை ஏன் தொடங்கினார்? மெட்ராசுக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குச் சாதியின் பெயரால் தங்க இடம் கிடைக்காததால். அடுத்த ஆண்டு, கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கரை, தடிகளோடு வந்தவர்கள் பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். சாதி எதிர்ப்பு அரசியலின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று இந்தக் கட்டில் பிரச்சினை. நாமோ இடஒதுக்கீட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், சீட்டு கிடைத்தவன் எங்கே படுப்பான் என்று கேட்பதில்லை.

என்னோடு இருந்த ஆறு இன்டர்ன்களில் நான்கு பேருக்குச் சென்னையிலேயே வீடு. ஐந்தாவது நண்பருக்கு மாம்பலத்தில் சித்தி வீடு. நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தச் சித்தி வீடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. தாத்தா நிலத்தை விற்று மகன்களை மெட்ராசில் படிக்க வைத்தார், ஒருவர் அரசு வேலைக்குப் போனார், மனை வாங்கினார். விற்பதற்கு நிலம் யாரிடம் இருந்தது என்பதுதானே சாதி? என் சித்தியும் பெருநகரத்தில்தான் இருக்கிறார். பெங்களூரில் கட்டட வேலை, தகரக் கொட்டகை.

"அனுபவம்தான் சம்பளம், இது குருகுலம் மாதிரி" என்பார்கள். குருகுலத்தில் யாரைச் சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியும். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, பெரம்பூர் ஐசிஎஃப்பில் ஃபிட்டர் பயிற்சிக்குச் சேர்பவருக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கியே ஆக வேண்டும். அதே கற்றுக்கொள்ளும் வேலை ஏசி அறைக்குள் போய் 'இன்டர்ன்' என்று பெயர் மாறியதும் உதவித்தொகையும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. யாரை எடுப்பது என்பதை ஒரு ஃபோன் கால் முடிவு செய்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில், ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி 2024 ஜூனில் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. நல்லது. ஆனால் அது பதிவு செய்த வழக்கறிஞர்களுக்கு, மாணவர்களுக்கு அல்ல. ஒன்றிய அரசு அதே ஆண்டு மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்கோ முழுநேர மாணவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது என்றார்கள். மாணவர்களுக்கு இல்லாத இன்டர்ன்ஷிப் திட்டம்!

தருமபுரி நீதிமன்றம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ரிட் மனு எப்படி எழுதப்படுகிறது, எப்படி வாதிடப்படுகிறது என்பதை அங்கே பார்க்க முடியாது, அவ்வளவுதான். வழக்கறிஞர்களிலிருந்து நீதிபதியாக உயர்த்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் உயர் நீதிமன்ற வளாகத்திலிருந்து வருகிறார்கள். அங்கே சேரும் ஜூனியர்களில் பலர் முன்பு இன்டர்னாக இருந்தவர்கள். "ஊர்லயே பண்ணு" என்ற அக்கறை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

2025இல் தமிழ்நாடு அரசு தன் மாணவர் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் வைத்தது. கல்லூரி விடுமுறையில் அங்கிருக்கும் மாணவர்கள் ஊருக்குப் போன பிறகு, சென்னையில் ஒரு தளத்தையாவது வெளியூர் இன்டர்ன்களுக்குத் திறந்துவிடட்டும். புதிய கட்டடம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கிய பார் கவுன்சில், உதவித்தொகையையும் கட்டாயமாக்கட்டும்.

அதுவரை நம் ஆட்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. சுவரில் பெரியார், அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும் வழக்கறிஞர் அலுவலகங்கள், சமூகநீதி பேசும் தொண்டு நிறுவனங்கள், யூடியூப் சேனல்கள்: உங்களிடம் இப்போது எத்தனை இன்டர்ன்கள் இருக்கிறார்கள் தோழர்? எவ்வளவு கொடுக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்குச் சென்னையில் சித்தி வீடு இருக்கிறது?