'மௌலா'வை ரசிக்கிறோம், மாங்கணியாரை?

நம் பிளேலிஸ்டில் ஒரு 'மௌலா' இருக்கும், ஒரு 'யா அலி' இருக்கும். 'ராக்ஸ்டார்' (2011) படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'குன் ஃபயகுன்' கண்டிப்பாக இருக்கும். அது குர்ஆனில் வரும் சொற்றொடர்: இறைவன் 'ஆகு' என்கிறான், ஆகிவிடுகிறது. இந்தியே தெரியாத நம் நண்பர்கள்கூட அந்த அரபுச் சொற்களைக் கண்மூடி முணுமுணுக்கிறார்கள். இஸ்லாமியர் மீது இவ்வளவு வெறுப்பு கொட்டப்படும் காலத்தில் இது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. 'இசைக்கு மதமில்லை, சாதியில்லை' என்று ஸ்டேட்டஸ் போட்டுக்கொள்கிறோம்.

சாதியில்லை என்று யார் சொன்னது?

மேற்கு ராஜஸ்தானின் மாங்கணியார்களைப் பாருங்கள். பரம்பரையாகப் பாடும் இஸ்லாமியர்கள். அந்தப் பெயருக்கே 'இரந்து வாங்குகிறவர்' என்றுதான் பொருள். அவர்களின் புரவலர்களில் பெரும்பாலோர் இந்து ராஜபுத்திரர்கள். புரவலர் வீட்டில் குழந்தை பிறந்தால் பாட வேண்டும், கல்யாணம் என்றால் பாட வேண்டும், குலப்பெருமையைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். கூலியாகத் தானியமோ ஆடோ பணமோ கிடைக்கும். சூஃபிப் பாடல்களோடு இந்து தெய்வங்களின் பாடல்களையும் பாடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து 'என்ன ஒரு மத நல்லிணக்கம்' என்று வியக்கிறார்கள்.

2017 செப்டம்பரில், நவராத்திரி நேரத்தில், ஜெய்சால்மர் மாவட்டம் தாந்தல் கிராமத்தில் ஒரு மாங்கணியார் பாடகரைப் பாட அழைத்தார்கள். அவர் பாட்டுக்குச் சாமியாடிக்கு அருள் வர வேண்டும். அருள் வரவில்லை, பாடியது சரியில்லை என்று குற்றம் சாட்டினார்கள். அவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவானது. புகார் கொடுத்த பிறகு, அந்த ஊரின் மாங்கணியார் குடும்பங்கள் மிரட்டலுக்கு அஞ்சி ஊரைவிட்டே வெளியேறின. நல்லிணக்கத்தின் கீழே கிடந்தது குலத்தொழில். பாடுவது அவருடைய விருப்பமாக இருந்திருந்தால், சரியாகப் பாடாதது எப்படிக் குற்றமாகும்?

இது இந்துக்களின் சாதி மட்டும்தான் என்று இஸ்லாமியச் சமூகத்தின் மேல்தட்டும் கை கழுவ முடியாது. 'பாகிஸ்தான் அல்லது இந்தியப் பிரிவினை' நூலில் அண்ணல் அம்பேத்கர் 1901 வங்காள மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டுகிறார். மேலே அஷ்ரஃப், கீழே அஜ்லஃப், அதற்கும் கீழே அர்ஸால். அந்த அஜ்லஃப் பட்டியலில் டஃபாலியும் நகார்ச்சியும் இருக்கிறார்கள். ஒருவர் தஃப் அடிப்பவர், மற்றவர் நகரா முழக்குபவர். பறை அடித்தவருக்கு இங்கே என்ன இடம் தரப்பட்டது என்று அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

உலகமே கொண்டாடிய நுஸ்ரத் ஃபதே அலி கானை, அவருடைய தந்தை டாக்டராக்கத்தான் விரும்பினார். அந்தத் தந்தையே பெரிய கவ்வாலிக் கலைஞர். இருந்தும், கவ்வால்களுக்குச் சமூகத்தில் மரியாதை இல்லை என்பதால் மகன் இதற்குள் வரவேண்டாம் என்று நினைத்தார். பஞ்சாபில் 'மிராசி' என்ற பாடகர் சாதியின் பெயர் இன்றும் ஒரு வசவு.

அதே நுஸ்ரத்தின் மெட்டுகளை 1990களில் பம்பாய் சினிமா அள்ளிக்கொண்டது. 'தம் மஸ்த் கலந்தர்' என்று ஒரு சூஃபி ஞானியைப் போற்றிய பாட்டு, 'மோஹ்ரா' (1994) படத்தில் ஒரு பெண்ணைச் 'சரக்கு' என்று வர்ணிக்கும் ஆட்டப்பாட்டானது. 'அல்லா ஹூ' என்ற இறைநினைவு, 'ஔசார்' (1997) படத்தில் 'ஐ லவ் யூ' ஆனது. இதற்கு நுஸ்ரத் வெளிப்படையாகவே வருந்தினார். பக்திச் சொல்லைக் காதலுக்குப் பயன்படுத்தியதில் எனக்குப் புகார் இல்லை, சூஃபிகளே காதல் மொழியில்தான் பாடினார்கள். பாடியவரைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. புரவலர் வீட்டு முற்றத்தில் பாடகரின் பாட்டு புரவலரின் சொத்து. ஸ்டுடியோவும் அந்த முற்றத்தின் நீட்சியாகத்தான் நடந்துகொண்டது.

'வெறுப்பு அரசியலுக்கு நடுவே ஒரு பாட்டாவது மனங்களைச் சேர்க்கிறதே, அதையும் ஏன் குறை சொல்கிறீர்கள்?' என்று தோழர்கள் கேட்கலாம். பாட்டு சேர்க்கட்டும். ஆனால் 'மௌலா'வுக்குக் கைதட்டிய அதே ஆள், வாடகைக்கு வீடு கேட்டு வரும் இஸ்லாமியரிடம் 'காலியில்லை' என்று சொல்வதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? சொல்லை உள்ளே விட்டுவிட்டு ஆளை வாசலில் நிறுத்துவது இந்த நாட்டுக்குப் பழகிய வித்தை. பறை மேடையேறிய பிறகும், சாவு வீட்டில் அதை அடிக்க இன்னமும் யாரை அழைக்கிறார்கள்?

கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் கேட்கிறேன். கேட்கும்போது பாடுகிறவர் யார், மெட்டு எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது, அவர்கள் பெயர் பாட்டில் இருக்கிறதா, பணம் போய்ச் சேர்ந்ததா என்று சேர்த்துக் கேட்போம். அவர்களின் பிள்ளைகள் பாடத்தான் வேண்டும் என்ற கட்டாயமின்றிப் படிக்கவும், விரும்பினால் மட்டும் பாடவும் முடிகிற நாள் வரட்டும். அதுவரை 'இசைக்குச் சாதியில்லை' என்று நாம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.