செத்தும் கொட்டும் சிங்கப்பிடரி

‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பார்கள். இந்த வாரம் நான் சொல்ல வந்தது, செத்தும் கொட்டுகிற ஓர் உயிரைப் பற்றி.

வட அட்லாண்டிக், வட பசிபிக், ஆர்க்டிக் கடல்களின் குளிர்நீரில் வாழ்கிறது சிங்கப்பிடரி ஜெல்லி மீன். பெயரில்தான் மீன், எலும்பு, இதயம், மூளை எதுவும் இதற்குக் கிடையாது. குடை போன்ற உடலின் அடியில், எட்டுக் கொத்துகளாக நூற்றுக்கணக்கான விழுதுகள் செம்பழுப்பு நிறத்தில் தொங்கும். சிங்கத்தின் பிடரி மயிர் போல் இருப்பதால் இந்தப் பெயர்.

1865-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் கிடைத்த ஒன்றின் குடை 2 மீட்டருக்கு மேல் அகலம். விழுதுகள் 36 மீட்டருக்கு மேல் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. நீலத் திமிங்கிலத்தையே மிஞ்சிய நீளம்!

இத்தனை பெரிய உடலின் தொடக்கம், கடலடிப் பாறையில் ஒட்டி வாழும் சில மில்லிமீட்டர் அளவுள்ள பாலிப். அது அடுக்கிய தட்டுகளைப் போல் பிரிந்து குஞ்சுகளை நீரில் விடும். அவை ஏறத்தாழ ஓராண்டுக்குள் வளர்ந்து, இனம் பெருக்கி, மடிந்துவிடும்.

எனக்கு வியப்பு அதற்குப் பிறகுதான். 2010 ஜூலையில், நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தின் ரை கடற்கரையில் செத்த சிங்கப்பிடரி ஒன்று உடைந்து சிதறியது. நீரில் மிதந்த துண்டுகள் பட்டு ஏறத்தாழ 150 பேர் கொட்டு வாங்கினார்கள். சில பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

எப்படி? விழுதிலுள்ள கொட்டும் உயிரணு ஒவ்வொன்றிலும் ஒரு நச்சுப்பை. அதற்குள் சுருட்டி வைத்த ஊசிநூல். எதுவும் உரசினால் நூல் பாய்ந்து தோலைத் துளைக்கும். யாருடைய கட்டளைக்கும் அது காத்திருப்பதில்லை. எலிப்பொறி வைத்தவர் ஊருக்குப் போய்விட்டாலும் பொறி அதன் வேலையைச் செய்கிறதல்லவா, அதுபோல.

நம் வெப்பக் கடலுக்குச் சிங்கப்பிடரி வராது. ஆனால், இங்கே கரை ஒதுங்கும் ஜெல்லி மீன்களுக்கும் இதே வகை உயிரணுக்கள்தாம். பள்ளி விடுமுறையில் போர்ட்டிக்சனுக்கோ லங்காவிக்கோ போனால், மணலில் கண்ணாடி போல் கிடப்பதைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்தால், எஞ்சியிருக்கும் உயிரணுக்களும் கொட்டும். உடனே மருத்துவ உதவி நாடுங்கள். “செத்துப் போச்சு, ஒன்னும் செய்யாது” என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.