துயரத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்

பேரிடர் எங்கே நடந்தாலும் அடுத்து இரண்டு பேச்சுகள் கிளம்பிவிடும். ‘செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை’ என்பது ஒன்று. ‘இரக்கமுள்ள கடவுள் இருந்தால் இப்படி நடக்க விடுவாரா’ என்பது மற்றொன்று. கார் நிக்கோபார் இந்த இரண்டுக்கும் கடினமான சோதனை. மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களான அந்தச் சிறு தீவைச் சுனாமி தாக்கியது, 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலையில். விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; கரையோர ஊர்கள் தரைமட்டமாயின. 2001இல் 20,292 ஆக இருந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 17,841 ஆகக் குறைந்திருந்தது. ஆனாலும் அங்கே விசுவாசம் கரைந்துபோகவில்லை. ஏன் என்று பார்த்தால், இரண்டு பேச்சுக்காரர்களும் கடவுளின் இரக்கத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது புரியும்.

தண்டனை என்ற வாதத்தை வேதாகமமே ஏற்பதில்லை. சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் இறந்த செய்தியை இயேசு எடுத்துப் பேசுவதை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் காணலாம். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று அங்கே அவர் திட்டவட்டமாக மறுக்கிறார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நண்பர்களாக இருந்தார்கள். அவன் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபின் கடவுளின் கோபத்துக்கே ஆளானார்கள். காரணம் சொல்வதற்கும் ஆறுதல் தருவதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தீவின் வரலாறும் இதையே சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வேதப்பன் சாலமன் என்ற தமிழர் அங்கே பள்ளி நடத்தி, கிறிஸ்தவத்துக்கு அடித்தளம் இட்டார். அவரிடம் படித்த நிக்கோபாரியச் சிறுவன்தான் பிற்காலத்தில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டைத் தம் மக்களின் மொழியில் தந்தவர். முதல் மக்களவையின் நியமன உறுப்பினர். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில், உளவாளிகள் என்ற சந்தேகத்தின் பேரில் நிக்கோபாரியர் பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சன் தம் மகனையே இழந்தார். தீவு பெருமளவில் கிறிஸ்தவத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சுகமான காலத்தில் சொன்ன போதனையைவிட, தங்களோடு சேர்ந்து அடிபட்ட ஒருவர் சொன்னதை மக்கள் நம்பினார்கள்.

‘அப்படியானால் ஆறுதல் தந்தவர்கள் மனிதர்கள்தானே, கடவுளுக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலத்தையும் தென்னையையும் பொதுவில் வைத்து வாழும் ‘துஹெட்’ என்ற கூட்டுக்குடும்ப முறை, மிஷனரிகள் வருவதற்கு முன்பே நிக்கோபாரில் இருந்தது. அதன் பெருமையைச் சபை தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் கடவுளின் ஆறுதல் வானத்திலிருந்து தனியாக இறங்கும் என்று கிறிஸ்தவம் சொல்லவில்லை. ஆறுதல் பெற்றவர் அதே ஆறுதலை அடுத்தவருக்குத் தரவேண்டும். அதற்காகவே அது தரப்படுகிறது என்பது கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் வைக்கும் வாதம். இது கடவுள் இருப்பதற்கு நிரூபணம் ஆகாது. விசுவாசி எதை இரக்கம் என்கிறார் என்பதை மட்டும் இது விளக்குகிறது.

ஆறுதல் மனிதனை மயக்கி உரிமையை மறக்கச் செய்யும் என்பது அடுத்த ஆட்சேபம். வெறும் சொல்லாக நின்றுவிடும் ஆறுதல் அப்படிச் செய்யும்தான். சுனாமியில் வீடிழந்தவர்களைத் தகரக் கொட்டகையின் வெப்பத்தில் குடிவைத்ததும், துஹெட்டாக வாழ்ந்தவர்களுக்கு இழப்பீட்டைத் தனிக்குடும்பங்களாகப் பிரித்து வழங்கியதும் கேள்வி கேட்கப்பட வேண்டியவை, கேட்கவும்பட்டன. உடன் துயரப்படுகிறவருக்குத்தான் எது குறைகிறது என்று தெரியும். அதைக் கேட்டு வாங்கித் தருவதும் இரக்கத்தில் சேரும்.

அடுத்த வெள்ளமோ புயலோ வரும்போது, இறந்தவர்களின் பாவக்கணக்கைப் பார்க்கும் போதகர்களும் இணையப் பேச்சாளர்களும் வாயை மூடிக்கொள்ளட்டும். விசுவாசம் உள்ளவர்கள் முதலில் போய்த் துயரப்படுகிறவர்களின் பக்கத்தில் உட்காரட்டும். பிறகு அவர்களுக்கு வேண்டியதைக் கேட்டுச் செய்யட்டும்.