முளைக்கூடமும் இசைக்கூடமும்

இங்கிலாந்தின் கிழக்கே சபோக் மாவட்டத்தில், ஆல்டு ஆற்றங்கரையில், சினேப் என்னும் சிற்றூர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூசன் காரெட் என்னும் வணிகர் அங்கே பெரிய செங்கற்கட்டடங்களை எழுப்பினார். வயல்களில் விளைந்த வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, தரையிற் பரப்பி முளைவிடச் செய்து, சூளையில் உலர்த்தி, பீர் வடிப்போர்க்கு வேண்டிய மால்ட் ஆக்குவதே அங்கு நிகழ்ந்த தொழில். 1965இல் அது நின்றது. கட்டடங்கள் வாளா கிடந்தன.

தொழில் ஒழிந்த கட்டடத்தை என் செய்வது? இடித்துக் கல்லை விற்பது எளிது. பூட்டிவைத்துப் பழம்பெருமை பேசுவது அதனினும் எளிது. ஆனால் ஆள் நடமாட்டமற்ற கூரை நெடுநாள் நில்லாது என்பதை உழவர் எவரும் அறிவர்.

அருகிலுள்ள ஆல்டுபரோவில் 1948 முதல் இசைவிழா நடத்திவந்தோருள் தலையாயவர் பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இசைப்புலவர். விழாவிற்குத் தக்க பேரரங்கம் இல்லாத குறை அவர்க்கு இருந்தது. முளைக்கூடங்களுள் பெரியதொன்றை இசைக்கச்சேரிக்கும் இசைநாடகத்திற்கும் உரிய அரங்கமாக மாற்றச் செய்தார். 1967 ஜூன் 2ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசியார் அதனைத் திறந்துவைத்தார்.

போற்றத்தக்கது யாதெனில், அதனை மாற்றியோர் பழமையை மறைத்திலர். உட்சுவரின் செங்கல் சாந்து பூசப்படாமல் அப்படியே தோன்றுகிறது. கூரைமேல் உள்ள காற்றுப்போக்கிகள் பழைய சூளையின் புகைப்போக்கிகளை ஒத்தவை. ஒப்பனையற்ற அச்சுவர்களும் உயர்ந்த மரக்கூரையுமே இசையொலிக்கு அரிய நிறைவைத் தந்தன! பணம் கொட்டி மெருகிட்டிருந்தால் அந்நலம் கெட்டிருக்கும்.

கூலியாளர் வியர்வை சிந்திய இடத்தில் சீட்டு வாங்க வல்லோர் அமர்ந்து மகிழ்வது முறையோ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. ஊரார் நுழைய இயலாத அரங்கம் பூட்டிய கட்டடத்தினும் சிறந்ததன்று. சினேப்பில் 1979இல் மற்றொரு கட்டடம் இளங்கலைஞர் பயிலும் இசைப்பள்ளியாயிற்று; அஃது இவ்வினாவிற்கு ஓரளவேனும் விடையாகும்.

அரங்கம் திறந்த இரண்டே ஆண்டில் பெருந்துன்பம் நேர்ந்தது. 1969 ஜூன் 7ஆம் நாள், விழாவின் முதல் இரவிலேயே, தீப்பற்றிக் கூரையும் மேடையும் சாம்பலாயின. புறச்சுவர்கள் மட்டும் நின்றன. அங்கு நிகழவிருந்த மோசார்ட்டின் இசைநாடகம் பிளைத்பர்க் ஊர்த் தேவாலயத்திற்கு மாற்றப்பட்டது. வேறிடத்தில் புதிய அரங்கம் எழுப்ப அதுவே தக்க தருணம் எனக் கருதியிருக்கலாம். அவர்களோ அப்பழஞ்சுவர்களின்மேலேயே கூரை அமைத்தனர். 1970 ஜூனில் அரசியார் மீண்டும் வந்து திறந்துவைத்தார்.