ஒற்றைப் படகு



ஸ்வீடன் நாட்டின் வடகோடியில், துருவ வட்டத்திற்கும் அப்பால், அபிஸ்கோ என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்து தெற்கே ஹேமாவன் வரை மலைகளினூடே ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நீளும் நடைபாதைக்குக் குங்ஸ்லேடன் என்று பெயர். அரசரின் பாதை என்பது அதன் பொருள். பெயரில்தான் அரசர் இருக்கிறார். வழியிலோ கல்லும் சேறுமே! சதுப்பு நிலங்களின் மேல் பலகைகள் பரப்பியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் பாறையில் பூசிய செஞ்சாயமே வழிகாட்டி. கலைமான்களை மேய்த்து வாழும் பழங்குடியினரின் தொன்மையான நிலம் அது. அம்மக்களின் பெயர் சாமி என்பதாம். நம்மைச் சாமி என்றழைக்கும் பங்கு மக்கள் இதனைக் கேட்டு நகைப்பார்களாக.

நடந்து செல்வோர் மூன்று நான்கு வாரங்களில் முடிக்கும் இப்பாதையை ஓடியே கடக்க முயல்வோரும் உளர். எமிலி ஃபோர்ஸ்பெரி என்னும் ஸ்வீடன் நாட்டு வீராங்கனை 2018ஆம் ஆண்டில் 4 நாள் 21 மணி நேரத்தில் ஓடி முடித்தார். மணிக்கூண்டின் படிகளில் ஏறும்போதே முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் நமக்கு இது வியப்பூட்டுவதில் வியப்பில்லை.

கால்வலி மட்டுமே அவர்களின் இடர் அன்று. ஜூலை நடுப்பகுதி வரை அபிஸ்கோவில் கதிரவன் மறைவதேயில்லை. அதன் பின்னரும் சில வாரங்களுக்கு இரவு அரைகுறை வெளிச்சந்தான். நிறுத்து, உறங்கு என்று உடலுக்குச் சொல்ல இருள் வருவதில்லை. வடபகுதியில் ஒரு நாள் நடைத்தொலைவுக்கு ஒன்றாகச் சுற்றுலாச் சங்கத்தின் குடில்கள் உள்ளன. க்விக்யொக் முதல் அம்மர்நேஸ் வரையிலான நெடுந்தொலைவில் அவையும் இல்லை. ஓடுபவரோ சுமையைக் குறைக்க வேண்டி உணவையும் உடையையும் நிறுத்து நிறுத்து எடுத்து வந்தவர். மழையில் நனைந்து நின்றுவிட்டால் சற்று நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கும்.

இவற்றையெல்லாம் தாங்கியவரும் ஏரிக்கரையில் நின்றுவிட நேர்கிறது. பாதையின் குறுக்கே ஏரிகள் கிடக்கின்றன. பனி உருகிய நீர்; நீந்திக் கடக்க எண்ணுவது மடமை. சிலவற்றில் கட்டணம் பெற்று விசைப்படகில் ஏற்றிச் செல்வோர் உண்டு, ஆனால் குறித்த வேளைகளில் மட்டுமே. தெவுசாயவுரே, லைதாவுரே போன்ற ஏரிகளில் கோடைக்காலத்தில் மூன்று துடுப்புப் படகுகளை விட்டுவைக்கிறார்கள். காவல் இல்லை, ஏடு இல்லை. ஒரேயொரு விதி: எக்கரையும் படகின்றி இருத்தலாகாது.

வந்த கரையில் இரு படகுகள் இருப்பின் தொல்லையில்லை. ஒன்றே இருப்பின்? அதில் ஏறி அக்கரை சேர வேண்டும். அங்குள்ள படகுகளில் ஒன்றைக் கயிற்றால் பிணைத்து இழுத்துக்கொண்டு இக்கரைக்குத் திரும்ப வேண்டும். ஒன்றை இங்கே விட்டுவிட்டு, மற்றொன்றில் மறுபடியும் அக்கரை செல்ல வேண்டும். தெவுசாயவுரே ஒரு கிலோமீட்டர் அகலம். மூன்று முறை என்றால் மூன்று கிலோமீட்டர். லைதாவுரேயோ அதனினும் அகலமானது. எதிர்க்காற்று வீசினால் கேட்கவே வேண்டாம்.

எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள்களாகச் சரிவர உறங்காத மனிதர். ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்கிட்டு ஓடுகிறவர். முதல் முறை அக்கரை சேர்ந்ததுமே அவருடைய பாதை காலடியில் வந்துவிடுகிறது. பார்ப்பார் எவருமில்லை. அப்படியே ஓடிவிட்டால் அவருடைய சாதனை ஏட்டில் ஒரு குறையும் தென்படாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, குறைந்த உணவுடன் பின்னால் வரும் யாரோ ஒருவர் வெறுங்கரையில் நின்று, எதிர்க்கரையில் கிடக்கும் மூன்று படகுகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கரையிலிருந்து எவரேனும் வரும்வரை அவருக்கு வழியில்லை.

ஆளரவமற்ற அக்காட்டில் இந்த விதி உயிரோடிருப்பது எவ்வாறு என்று நாமும் எண்ணிப் பார்த்ததுண்டு. முன்னே சென்ற ஒருவர் படகொன்றை விட்டுச் சென்றதனால்தான் இவரும் ஏரியைக் கடக்க முடிந்தது. அவர் யாரென்று இவருக்குத் தெரியாது. இப்போது இவர் மரத்துப்போன விரல்களால் பின்படகின் கயிற்றை முடிந்து, தம் பாதைக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டியபடியே, ஏனெனில் துடுப்பு வலிப்பவர் பின்னோக்கியே அமர வேண்டும், வந்த கரைக்கே மீண்டும் வலித்துச் செல்கிறார்.